மோந்து பார்க்கிற நாற்காலி

பஞ்சு மூட்டையின் வாயை அவிழ்த்ததும் முதலில் வருவது தூசிதான். பஞ்சு அதற்குப் பிறகு. அந்தத் தூசியில் விடியற்காலையிலேயே பெண்கள் இருமத் தொடங்கிவிடுவார்கள். தகரக் கூரைக்கு மேலே வானம் இன்னும் வெளுத்திருக்காது. லாரிக்காரர் மூட்டைகளை வாசலில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை இல்லையாம். முன்பெல்லாம் அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். போன வருடம் முதலாளி அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "நாமெல்லாம் ஒரே குடும்பம். கூடமாட ஒத்தாசை பண்ணிக்கணும்" என்று பெண்களிடம் சொன்னார். குடும்பம் என்ற சொல்லை அவர் எடுத்தாலே யார் தலையிலோ இன்னொரு வேலை விழப்போகிறது என்று அர்த்தம்.

மூட்டைக்கு நான்கு பேர். ஈரம் ஏறிய மூட்டை என்றால் அதுவும் போதாது. தோளில் ஏற்றும்போது சாக்கு நூல் கழுத்தை அறுக்கும். மூட்டைகள் முடிந்தால் டிரம். இடுப்பு உயரத்துக்கு நீல நிறத்தில் இருக்கும் டிரம்மைச் சாய்த்து, அடி விளிம்பில் நிறுத்தி உருட்டிக்கொண்டு போகவேண்டும். கை வழுக்கினால் கால் போச்சு. டிரம்முக்குள் இருப்பது வாசனைத் திரவம். உருட்டும்போது அது உள்ளே தளும்பும் சத்தம் கேட்கும்.

"மெதுவா, மெதுவா! டிரம்மு ஒடஞ்சா புதுசு வரும். காலு ஒடஞ்சா நீயேதான் வெச்சு ஓட்டணும்" என்று வழக்கமாக வாயாடி கத்துவாள். பேக்கிங் மேஜையில் நிற்கிற பெண் அவள். வாய் மூடுவது தூங்கும்போது மட்டும்தான் என்று எல்லாரும் கேலி செய்வார்கள். அன்றைக்கு அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து நடந்தாள். மோந்து பார்க்கிற வேலை செய்யும் மூக்கக்கா அதைக் கவனித்தாள். கவனித்ததோடு சரி.

அது நாப்கின் செய்கிற ஷெட். பெண்கள் மாதாமாதம் வைத்துக்கொள்கிற நாப்கின். பஞ்சைத் தொட்டியில் போட்டுத் தூளாக்கி, அச்சில் அழுத்தி, மேலே மெல்லிய துணி ஒட்டி, வாசனையைத் தெளித்து, வெட்டி, உறையில் போட்டு அனுப்புவார்கள். உறைக்குள் போவதற்கு முன்னால், நாப்கின்கள் ஓடி வருகிற பெல்ட்டின் ஓரத்தில் ஒரு மர நாற்காலி கிடக்கும். அதில் மூக்கக்கா உட்கார்ந்திருப்பாள். தட்டு நிறைய நிறைய, ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்து மோந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "சரி" என்றால் தட்டு பேக்கிங்குக்குப் போகும். "கூட்டு" என்றால் தெளிக்கிற இடத்தில் நிற்கும் குழாய்க்காரர் திருகை இன்னும் கொஞ்சம் திறப்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் வாயிலிருந்து வருவது அந்த இரண்டு வார்த்தைகள்தான். வீட்டுக்குப் போனால் அவையும் கிடையாது.

அந்த நாற்காலிக்கு அவள் சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாக்களை மூடி திறக்காமலே யார் டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மெஷினுக்கு அடியில் எலி செத்துக் கிடந்ததை மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முந்தின நாளே கண்டுபிடித்தாள். "இந்த மூக்குக்கு நான் கோயில் கட்டணும்" என்று முதலாளி சொன்னார். கோயில் கட்டவில்லை, நாற்காலி போட்டார். ஷெட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். சொந்தப் பெயர் போய் மூக்கக்கா என்ற பெயர் நிலைத்தது. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு, கைக்குழந்தையோடு நின்றவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்தப் பெயர். மகள் படிப்பதும் அந்த மூக்கால்தான்.

அன்று காலை அவள் வீட்டில் பால் தீய்ந்துபோயிருந்தது. ஒற்றை அறை வீடு. கட்டிலில் உட்கார்ந்தால் அடுப்பைக் கையால் தொட்டுவிடலாம். அப்படியும் அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

"என்னக்கா, உள்ளதான் இருக்கீங்களா? மாடிப்படி வரைக்கும் தீய்ஞ்ச நாத்தம்!"

"சளி பிடிச்சிருக்கு" என்று மூக்கக்கா சொன்னாள். அவளுக்குச் சளி பிடித்து மாதக்கணக்காகிறது. மூக்கு ஒழுகாத சளி, தும்மல் வராத சளி. அது எந்த ஊர்ச் சளி என்று யோசிக்க அவள் தன்னை விடுவதில்லை. யோசித்தால் நாற்காலி ஆடும்.

பால் தீயும்போது அவள் கையில் போன் இருந்தது. அதில் மகள் அனுப்பிய செய்தி. "அம்மா, இனிமே அந்தப் பை அனுப்பாத. வேண்டாம்." அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்றுகூட இல்லை.

அந்தப் பையைப் பற்றியும் சொல்லவேண்டும். வருடக் கடைசியில் எல்லாருக்கும் போனஸ் என்று ஒன்று வந்துகொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் போன அதே வருடம் அதுவும் போனது. அதற்குப் பதிலாக, சனிக்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு பை கழிசல் நாப்கின் கொடுக்க ஏற்பாடாயிற்று. வெட்டு கோணலானது, ஓரம் ஒட்டாதது, வாசனை ஒரே இடத்தில் தேங்கி நனைந்துபோனது என்று பெல்ட்டிலிருந்து தள்ளப்பட்டவை. "கடையில வாங்கினா என்ன விலைன்னு யோசிச்சுப் பாருங்க" என்றார் முதலாளி. பெண்கள் யோசித்துப் பார்த்தார்கள். ஓசியில் வருவதை விடுவானேன் என்று வாங்கிக்கொண்டார்கள்.

மூக்கக்காவுக்கு அந்த மாதாமாதக் கஷ்டமெல்லாம் நின்று சில வருடமாகிவிட்டது. அவள் பையைப் பிரித்து, உள்ளவற்றில் பார்வைக்கு நன்றாக இருப்பதைப் பொறுக்கி, மகள் தங்கிப் படிக்கிற விடுதிக்கு அனுப்புவாள். வேறு எதை அனுப்ப? அவள் கையால் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான். இப்போது அதுவும் வேண்டாமாம். கூடப் படிக்கிற பெண்கள் கடையில் வாங்குவார்கள், அம்மா வேலை செய்கிற இடத்துக் கழிசல் என்று சொல்ல மகளுக்கு வெட்கமாக இருக்கும். வளர்ந்துவிட்டாள். அப்படித்தான் இருக்கும் என்று மூக்கக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தீய்ந்த பாத்திரத்தைத் தேய்க்கும்போது அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மதியம் சாப்பாட்டு மணி அடித்தது. சுவர் ஓரமாக நீளமான பெஞ்சு உண்டு. அதில் இடம் பிடிக்க ஒரு காலத்தில் சண்டையே நடக்கும். இப்போது பெஞ்சில் யாரும் இல்லை. ஒருத்தி தூணில் சாய்ந்து நின்று சாப்பிட்டாள். இன்னொருத்தி ஜன்னல் கட்டையில் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றாள். வாயாடி நடந்துகொண்டே சாப்பிட்டாள்.

"ஏன்டி, உட்காரேன்" என்றாள் மூக்கக்கா.

"முதுகு பிடிச்சிருக்குக்கா."

தூணோரம் நின்றவள் கேட்காமலே சொன்னாள், "எனக்கு உட்கார்ந்தா தூக்கம் வந்துடும்." ஜன்னலோரம் நின்றவளுக்கு டாக்டர் நிற்கச் சொன்னாராம். ஆளுக்கொரு காரணம், எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரணம். ஷெட்டில் உட்கார்ந்திருந்தது மூக்கக்கா ஒருத்திதான். தன்னை விட்டு எல்லாரும் ஏதோ ஒரு விஷயத்தில் விலகி நிற்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. அவர்கள் ஒருவரை ஒருவர் விட்டும் விலகித்தான் நின்றார்கள். அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோது கழிவறைக்குள்ளிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தமும், கூடவே துணியை வாயில் திணித்துக்கொண்டு அழுகிற சத்தமும் கேட்டன.

"யாரு உள்ள?"

"நான்தான்க்கா. நீங்க போங்க."

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா இப்படி அழற? கதவைத் திற."

வாயாடி கதவைத் திறந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி பட்டா உயிர் போகுதுக்கா."

"எங்க?"

"அங்கதான்."

காலையிலிருந்து மாலை வரை அதே பொருளைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். ஆனாலும் அந்த ஷெட்டில் அதற்குப் பெயர் "சரக்கு". அது பயன்படுகிற இடத்துக்குப் பெயர் "அங்க". வாயாடிக்கே அதற்கு மேல் வாய் வரவில்லை. பாவாடையைத் தொடை வரை தூக்கிக் காட்டினாள். கொதிக்கிற தண்ணீர் கொட்டியது போலத் தோல் உரிந்து, ஓரமெல்லாம் நீர் கோத்திருந்தது.

"எனக்கு ஏதோ பெரிய வியாதிக்கா. மாசாமாசம் வருது, ஆறுறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. பக்கத்துல வராதீங்கன்னு சொன்னா அவரு சந்தேகப்படறாரு. டாக்டர்கிட்ட போய் எதைக் காட்டச் சொல்றீங்க? நான் என்ன பாவம் பண்ணேன்னு தெரியல."

"கழிசல்தானே வெச்சுக்கற?"

"வேற எது?"

மூக்கக்கா அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்தாள். வாயாடியின் தலைக்கு மேலாக, திறந்த கதவு வழியே ஷெட் தெரிந்தது. தூணோரம் நின்றவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலோரம் நின்றவளும்தான். முதுகுப் பிடிப்பும் தூக்கமும் டாக்டர் சொன்னதும் ஒரே நொடியில் ஒன்றாகிப்போயின. பிறகு மகளின் செய்தி நினைவுக்கு வந்தது. இனிமே அனுப்பாத. வேண்டாம்.

மூக்கக்கா நேராகக் குழாய்க்காரரிடம் போனாள். அவர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். டிரம்மிலிருந்து வரும் குழாயும் அதன் திருகும் அவர் பொறுப்பு. அவர் விரல் நுனிகளில் தோல் சுருண்டு சுருண்டு உரிந்திருந்தது. அதையும் அவள் அன்றுதான் பார்த்தாள்.

"அண்ணே, இந்த டிரம்முல என்ன இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? முன்ன வந்த டிரம்முல பேரு, கம்பெனி எல்லாம் ஒட்டியிருக்கும். இது மழைக்கு அப்புறம் வர ஆரம்பிச்சது. ஒட்டியிருந்ததைச் சுரண்டிட்டுத்தான் அனுப்பறாங்க. விலை கம்மியாம்."

"அதை ரொம்பத் தெளிக்கிறீங்களா?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு திருகைக் காட்டினார். "முதல் நாள் கால் சுத்துதான் திறந்தேன். இப்ப இதுக்கு மேல திறக்க வழியில்ல. முட்டிக்கிட்டு நிக்குது. நீங்கதானேம்மா கூட்டு, கூட்டுன்னீங்க?"

மூக்கக்கா டிரம்மின் மூடியைத் திருகித் திறந்தாள். அவர் தடுப்பதற்குள் முகத்தை அதன் வாய்க்கு நேரே கொண்டுபோய், மார்பு நிறைய மூச்சை இழுத்தாள். கண்ணில் ஊசி குத்தியது. தொண்டை அடைத்தது. கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. வாசனை மட்டும் வரவில்லை. நல்லதோ கெட்டதோ, ஒன்றுமே இல்லை. வெறும் காற்றை மோந்த மாதிரி இருந்தது.

குழாய்க்காரர் இருமிக்கொண்டே அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "பைத்தியமா உனக்கு? கிட்ட நின்னாலே எனக்குத் தலை சுத்துது!"

"அவ்வளவு வாசனையாண்ணே?"

"என்னம்மா கேக்கற? ஷெட்டே மூச்சு விட முடியாமக் கிடக்கு. உன் மூக்குக்கு மேல யாரு பேசறதுன்னு எல்லாரும் சும்மா இருந்தோம்."

அவள் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. புது டிரம் அவள் மூக்கைக் கொஞ்சம் தின்றது. மூக்கு மங்கியதும் வாசனை போதவில்லை என்று தோன்றியது, கூட்டு என்றாள். கூட்டியது இன்னும் கொஞ்சம் தின்றது. மறுபடி கூட்டு என்றாள். அப்படியே மாதக்கணக்கில், இந்த நாற்காலியில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு, அவள் சொல்லச் சொல்லத் திருகு திறந்துகொண்டே போயிருக்கிறது. அதில் நனைந்ததைத்தான் வாயாடி வைத்துக்கொண்டாள். அதிலும் பார்வைக்கு நல்லதாகப் பொறுக்கித்தான் மகளுக்கு அனுப்பினாள். தட்டு ஒன்று நிறைந்து அவள் முன் வந்து நின்றது. அவள் அதைத் தொடவில்லை. பேக்கிங்கிலிருந்து வேறொருத்தி வந்து தானாகவே எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அறைக்கு வந்து, விளக்குகூடப் போடாமல் மகளைக் கூப்பிட்டாள். மகள் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவை எடுத்தாள்.

"பையைப் பத்திதானேம்மா? விடேன். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்."

"பாப்பா, உன்னால உட்கார முடியுதா?"

போன் நின்றுவிட்டதோ என்று மூக்கக்கா காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு மகள் விம்முவது கேட்டது.

"உனக்கு யாரும்மா சொன்னா?"

"எத்தனை நாளா இப்படி?"

"ரொம்ப நாளாம்மா. வகுப்புல ஓரமா ஒரு பக்கம் சாஞ்சுதான் உட்காருவேன். ரூம்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஒட்டிக்கிற வியாதின்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். எல்லாரும் தூங்கினப்புறம்தான் குளிப்பேன்."

"என்கிட்ட சொல்லக்கூடாதாடி?"

"எப்படிம்மா சொல்லுவேன்? நீ பாத்துப் பாத்துப் பொறுக்கி அனுப்பற. அதாலதான் வருதுன்னு கடைசியா கண்டுபிடிச்சேன். சொன்னா நீ உடைஞ்சு போயிடுவ. அதான் வேண்டாம்னு மட்டும் சொன்னேன்."

வெட்கம் இல்லை. அம்மாவை ஒதுக்கியதும் இல்லை. அவ்வளவு வலியிலும் இந்தப் பெண் அம்மாவின் மனம் நோகக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. இங்கே ஒற்றை அறையில் ஒருத்தி, அங்கே நிறைந்த விடுதியில் ஒருத்தி, இருவரும் தனியாக அழுதிருக்கிறார்கள். வாயாடி துணியை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கடைகளில் இதை வாங்கிப்போன எந்தெந்த வீட்டுப் பெண்கள் எந்தெந்தக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் உடம்புதான் கெட்டது என்று அழுகிறார்களோ.

"நான்தான் பாப்பா பண்ணேன். எனக்கு வாசனையே தெரியல. தெரியாமலே கூட்டு கூட்டுன்னு சொல்லிட்டே இருந்தேன். சொன்னா வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. உன் படிப்பு..."

மகள் மூக்கை உறிஞ்சினாள். அம்மாவைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

"கூட்டச் சொன்னது நீதானே? அப்ப நிறுத்தவும் நீயே சொல்லு."

மறுநாள் சனிக்கிழமை. மதிய மணி அடித்ததும் மூக்கக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்து, பெண்களுக்கு நடுவில் போய் நின்றாள்.

"நீங்க ஏன்க்கா நிக்கறீங்க? உங்களுக்கென்ன, முதுகா?" என்றாள் தூணோரம் நிற்பவள்.

"எனக்கு மூக்கு" என்றாள் மூக்கக்கா. "செத்துப்போச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் எதை மோந்து சரின்னு சொன்னேனோ, அதால இங்க யாருக்கெல்லாம் தொடை வெந்து கிடக்கு? யாருக்கெல்லாம் உட்கார முடியல?"

அந்த ஷெட்டில் யாரும் அதுவரை அப்படி உரக்கப் பேசியதில்லை. பெண்கள் குழாய்க்காரர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். டப்பாவுக்குள் கரண்டி படும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"எனக்கு" என்றாள் வாயாடி.

ஜன்னலோரம் நின்றவள் டப்பாவைக் கீழே வைத்தாள். "எனக்கும்தான். டாக்டராவது ஒண்ணாவது, அவர் ஒண்ணும் நிக்கச் சொல்லல."

"அடிப்பாவி! நான் உன் முதுகெலும்புல ஏதோன்னு பயந்துட்டு இருந்தேன்" என்று தூணோரம் நிற்பவள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். "எனக்கும். என் பொண்ணுக்கும்."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. எண்ணெய் தடவினேன், மஞ்சள் போட்டேன், மாமியாருக்குத் தெரியாமல் ஐஸ் வைத்தேன் என்று ஆளாளுக்குக் கொட்டினார்கள். மூக்கக்காவிடம் ஒருத்தி கோபப்பட்டாள். "தெரியலன்னா தெரியலன்னு அப்பவே சொல்றதுக்கென்ன? உங்க நாற்காலிக்கு எங்க தோலா?" மூக்கக்கா தலை குனிந்து நின்றாள். வாயாடிதான் குறுக்கே வந்தாள்.

"அவங்க மூக்கைத் தின்னது எது? அதேதான் நம்மையும் தின்னுது. பேரைச் சுரண்டிட்டு டிரம்மை வாங்கினது இவங்களா? சண்டையைச் சரியான வாசல்ல போய்ப் போடுங்க."

சாயங்காலம் கடைசிச் சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை ஏற்றிப்போக வாசலில் லாரி நின்றது. முதலாளி வழக்கம்போல் மேஜையில் பைகளை அடுக்கி வைத்து, புன்னகையோடு ஒவ்வொன்றாக நீட்டினார். முதலில் வாயாடி போனாள். பையை வாங்கினாள். வாங்கியதைத் திருப்பி மேஜைமேலேயே வைத்தாள்.

"என்னம்மா?"

"வேண்டாம் சார்."

அடுத்தவளும் வைத்தாள். அதற்கடுத்தவளும். மேஜை நிரம்பி, பைகள் சரிந்து அவர் காலடியில் விழுந்தன.

"ஓசியா குடுத்தா இதான். என்ன குறை இதுல?"

"வெச்சுக்கிட்டா தோல் உரியுது சார்" என்றாள் வாயாடி. "எல்லாருக்கும். அந்த டிரம்முல என்ன இருக்குன்னு எங்களுக்குச் சொல்லணும். எங்களை டாக்டர்கிட்ட காட்டணும். அதுவரைக்கும் அதைத் தெளிக்கக்கூடாது."

முதலாளி முகம் சுளித்தார். இப்படிப்பட்ட பேச்சு தன் காதில் விழுந்ததே அசிங்கம் என்பதுபோல. "அது உங்க சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம். ஒழுங்காக் குளிச்சா இதெல்லாம் வராது."

"குளிக்கறோம் சார்" என்றாள் வாயாடி. "தண்ணி படும்போதுதான் உயிர் போகுது."

"ஊர் முழுக்க வாங்கறாங்க. ஒருத்தராவது புகார் சொன்னாங்களா?"

"நாங்களே இன்னிக்குத்தானே சார் சொல்றோம்? இதைப் போய்க் கடைக்காரர்கிட்ட எவ சொல்லுவா?" அவள் ஒரு பையை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். "உங்க வீட்டுல இதைத்தான் வெச்சுக்கறாங்களா?"

"என் வீட்டைப் பத்திப் பேசாதே!"

"குடும்பம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

அவர் அவளை விட்டுவிட்டு ஷெட்டின் உள்பக்கம் திரும்பினார். அவர் நம்பிக்கை அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. "மூக்கு! நீ சொல்லு. இத்தனை வருஷ அனுபவம். சரக்கு சரியாத்தானே இருக்கு? ஒரு வார்த்தை சொல்லு, தட்டு போகட்டும். லாரி நிக்குது."

நிறைந்த தட்டு அவள் முன்னால் இருந்தது. அவள் ஒன்றை எடுத்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். சரி என்றால் திங்கட்கிழமையும் நாற்காலி உண்டு, மகளின் படிப்பு உண்டு. அவள் அதை மோந்து பார்க்காமலே திருப்பித் தட்டில் போட்டாள்.

"எனக்கு வாசனை தெரியாது சார். பல மாசமா தெரியாது. உங்க டிரம் என் மூக்கைக் கொண்டுபோயிடுச்சு." பிறகு திரும்பி, தெளிக்கிற இடத்தைப் பார்த்து, அந்த நாற்காலியிலிருந்து ஒருபோதும் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள். "நிறுத்துங்கண்ணே."

குழாய்க்காரர் முதலாளியைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். திருகு இறுகிப்போயிருந்தது, இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிச் சுற்றி மூடினார். சொட்டுவது நின்றது.

"எழுந்திரு" என்றார் முதலாளி. "அந்த நாற்காலியில இருந்து எழுந்திரு. மூக்கில்லாதவளுக்கு இங்க என்ன வேலை?"

மூக்கக்கா எழுந்தாள். பெண்கள் பக்கம் போய் நின்றாள். முதலாளி சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு வாயாடியைப் பார்த்தார்.

"நீ வா. நீ விவரமான பொண்ணு. இனிமே மூட்டை தூக்க வேண்டாம், நிக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்துல வேலை. வந்து உட்காரு."

வாயாடி அந்த நாற்காலியைப் பார்த்தாள். எத்தனை மதியங்கள் அதை ஏக்கத்தோடு பார்த்திருப்பாள்.

"உட்கார முடியாது சார். அதைத்தானே இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கோம்."

அவர் தூணோரம் நிற்பவளைக் கூப்பிட்டார். ஜன்னலோரம் நிற்பவளைக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. பெல்ட் வெறுமனே ஓடி, குழாய்க்காரர் அதையும் அணைத்ததும் நின்றது. வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "திங்கட்கிழமை ஒருத்தரும் உள்ள வர முடியாது, ஞாபகம் வெச்சுக்குங்க" என்று கத்திவிட்டு முதலாளி போன் செய்யப் போனார். யாருக்குச் செய்கிறார், என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. தன்மேல் கோபப்பட்டவள் பக்கத்தில் வந்து நின்றதையும், அவள் தோள் தன் தோளில் உரசியதையும் மூக்கக்கா உணர்ந்தாள்.

போன் அடித்தது. மகள்.

"அம்மா, சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் பாப்பா."

"என்ன சொன்னாங்க? வேலை போச்சா? எங்கம்மா இருக்க? தனியாவா இருக்க?"

மூக்கக்கா சுற்றிலும் பார்த்தாள். நடுவில் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"இல்லடி" என்றாள். "எல்லாரும் நின்னுட்டு இருக்கோம்."